காலாவதியான கடவுச்சொல்லும் பூட்டிக்கொண்ட கணினியும்: பாதுகாப்பு விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களில் கணினிகளை நிர்வகிப்போருக்கும், தகவல் பாதுகாப்பு விதிகளை வகுத்து ஒப்பமிடும் பொறுப்பில் இருப்போருக்கும்,

வணக்கம்.

கடவுச்சொல் காலாவதியானதால் தம் கணினிக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்களின் அழைப்புகளை எடுத்துப் பேசும் உதவி மையப் பணியில் இருக்கிறேன். அந்தப் பணி கற்றுத்தந்ததை வைத்தே இம்மடலை எழுதுகிறேன். உங்களிடம் நான் கேட்பது இதுதான்: இத்தனை நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே தீர வேண்டும் என்ற விதியை உங்கள் கொள்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாத கட்டாயம் ஏதேனும் இருந்தால், கெடு முடிந்தவர் தம் கணினிக்குத் திரும்பி வருவதற்கான வழியை முதலில் அமைத்து, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே அந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.

அலுவலக வலையமைப்பில் நேரடியாக இணைந்திருக்கும் மேசைக் கணினியில் இது பெரிய சிக்கலே இல்லை. காலையில் திரையைத் திறந்ததும் கடவுச்சொல்லின் காலம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும்; பழையதை ஒருமுறையும் புதியதை இருமுறையும் தட்டினால் வேலை முடிந்தது. விதியை வகுத்த பலரும் மனத்தில் வைத்திருப்பது இந்தக் காட்சியைத்தான் என்று நினைக்கிறேன். எங்களுக்கு வரும் அழைப்புகளோ வீட்டிலிருந்தும் பயணத்திலிருந்தும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவர்களிடமிருந்தும் வருகின்றன. அங்கே நடப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் விதியை எழுதுகிறவர் அதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

நிறுவனம் தந்த விண்டோஸ் மடிக்கணினியுடன் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது என்ற செய்தி இருப்பது, அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கும் மையச் சேவையகமான டொமைன் கன்ட்ரோலரில். மடிக்கணினிக்கு அது தெரியாது. கடைசியாக வெற்றிகரமாக நுழைந்தவர்களின் சரிபார்ப்புத் தடத்தை அது தன்னுள் சேமித்து வைத்திருக்கிறது, ஆகவே பழைய கடவுச்சொல்லுக்கே திறந்துகொள்கிறது. உள்ளே நுழைந்தவர், வெளியிலிருந்து அலுவலக வலையமைப்பை எட்ட உதவும் பாதுகாப்பான இணைப்பான வி.பி.என். வழியாக அலுவலகத்துடன் இணைய முயல்கிறார். அதே கணக்கைச் சரிபார்க்கும் வி.பி.என்., காலம் முடிந்த கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது. பல இடங்களில் காரணத்தைக்கூடச் சொல்லாமல், உள்நுழைவு தோல்வி என்று மட்டும் காட்டுகிறது. கடவுச்சொல்லை மாற்ற டொமைன் கன்ட்ரோலரை எட்ட வேண்டும், அதை எட்ட வி.பி.என். வேண்டும், வி.பி.என்.னுக்கோ மாற்றப்பட்ட கடவுச்சொல் வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய நிலை இது. பூட்டியவர் அந்தப் பயனர் அல்லர்.

அவர் எங்களை அழைக்கிறார். நாங்கள் ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லை அமைத்துத் தருகிறோம். சிக்கல் தீர்ந்ததா என்றால், பாதிதான். அவர் மடிக்கணினியை மறுபடி தொடங்கி அந்தப் புதிய சொல்லைத் தட்டினால் அது திறப்பதில்லை. வீட்டில் இருக்கும் கணினிக்குப் புதிய சொல்லைப் பற்றிய தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே பழையதைத்தான் தட்ட வேண்டும், வி.பி.என்.னில் புதியதைத் தட்ட வேண்டும். இதைத் தொலைபேசியில் விளக்கும்போது, தாம் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டதாக எண்ணிப் பலர் மன்னிப்புக் கேட்கிறார்கள். அந்த மன்னிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. தற்காலிகக் கடவுச்சொல்லை அமைக்கும்போது, அடுத்த உள்நுழைவில் கட்டாயம் மாற்ற வேண்டும் என்ற கட்டத்தில் நிர்வாகி குறியிட்டால், அந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாத வி.பி.என். மறுபடியும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. குறியிடாமல் விட்டால் வி.பி.என். திறக்கிறது; ஆனால் உள்ளே போனவர் பொறுப்பாகத் தம் சொந்தக் கடவுச்சொல்லுக்கு மாற முயன்றால் அது நிராகரிக்கப்படுகிறது. ஒரு கடவுச்சொல் குறைந்தது 1 நாளாவது இருக்க வேண்டும் என்பது விண்டோஸ் டொமைனின் இயல்பான அமைப்பு, நாங்கள் மீட்டமைத்த கணத்திலிருந்தே அந்த 1 நாள் தொடங்கிவிட்டது. திரையில் வரும் செய்தியோ அதைச் சொல்வதில்லை. புதிய கடவுச்சொல் நீளத்துக்கோ சிக்கல்தன்மைக்கோ முந்தைய வரலாற்றுக்கோ உரிய நிபந்தனைகளை நிறைவுசெய்யவில்லை என்றே அது சொல்கிறது. அதை நம்பி, மேலும் மேலும் நீளமான, மேலும் மேலும் விசித்திரமான சொற்களை ஒருவர் அடுத்தடுத்துத் தட்டிப் பார்ப்பதைத் தொலைபேசியின் மறுமுனையில் விசைப்பலகை ஓசையாகவே கேட்கலாம்.

இந்தச் சுழலில் இருந்து வெளியேற வழி இருக்கிறது, அதையும் இங்கேயே பதிவு செய்கிறேன். தற்காலிகக் கடவுச்சொல்லால் வி.பி.என். இணைந்ததும், இணைப்பைத் துண்டிக்காமலே திரையைப் பூட்டி, புதிய கடவுச்சொல்லைத் தட்டித் திறக்க வேண்டும். அப்போது மடிக்கணினி டொமைன் கன்ட்ரோலரிடம் கேட்டுச் சரிபார்த்து, தன் சேமிப்பைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதன் பிறகு இரண்டு இடத்திலும் ஒரே சொல். செய்வதற்குச் சில நொடிகள். தெரியாதவருக்கோ அரை நாள் போய்விடுகிறது. உங்கள் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இந்த ஒரு குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வேறோர் இடத்தில் இருக்கும் கணினியின் திரையை வலையமைப்பு வழியே இயக்கும் தொலைநிலை மேசை வழியாக மட்டுமே ஒரு கணினியை அணுகுகிறவர்களின் நிலை இன்னும் மோசம். இணைப்புக்கு முன்பே அடையாளத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பு அமைப்பு இயங்கும்போது, காலாவதியான கடவுச்சொல்லை மாற்றும் திரையையே அவர்களால் காண முடியாது. அந்தப் பாதுகாப்பு நல்லதுதான், அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. அதனுடன் காலாவதி விதியைச் சேர்த்து வைத்தவர் இந்த மோதலை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். லினக்ஸ் சேவையகங்களிலும் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. தொலைவிலிருந்து சேவையகத்தை அணுகும் எஸ்.எஸ்.எச். முறையில் விசைக் கோப்பைக் கொண்டே நுழைகிறவர், கடவுச்சொல்லையே பயன்படுத்தாதவர், அந்தக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியானால் அவரும் நிறுத்தப்படுவது வழக்கம். மனிதரென்றால் புதியதை அமைத்துவிட்டு நகர்வார். நள்ளிரவில் தானாக இயங்கி நகலெடுக்கும் நிரலுக்குப் பதில் சொல்ல ஆளில்லை, அது நின்றுபோகும். நகல் எடுக்கப்படவில்லை என்பது பெரும்பாலும் அந்த நகல் தேவைப்படும் நாளில்தான் தெரியவருகிறது.

இங்கே ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் கடவுச்சொல்லின் ஆயுள் இயல்பாகவே 99999 நாள்கள், அதாவது ஏறக்குறைய 274 ஆண்டுகள். விண்டோஸின் இயல்பான கெடு 42 நாள்கள். ஆகவே காலாவதி என்பது தொழில்நுட்பம் நம்மீது சுமத்திய ஒன்று அன்று. யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த எண், அல்லது யாரும் தேர்ந்தெடுக்காமல் அப்படியே விட்டுவைத்த எண். நிர்வாகியே இல்லாத சிறு அலுவலகங்களில், உள்ளூர்க் கணக்கு ஒன்றில் இந்த 42 நாள் கெடு யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்து, ஒருநாள் திடீரென்று கணினியை மறித்து நிற்பதும் உண்டு.

அப்படி மறிக்கப்பட்டவர்கள் செய்யும் செயல்களில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது ஒன்று. காலாவதியானதும் மறந்துபோனதும் ஒன்றே என்று எண்ணி, கடவுச்சொல்லை அழிக்கும் கருவிகளைத் தேடிப் போகிறார்கள், அல்லது கணினியையே வெறுமையாக்கி மறுபடி நிறுவிவிடுகிறார்கள். காலாவதியான கடவுச்சொல் செத்துப்போன சொல் அன்று. புதியதை அமைக்கும் உரிமைக்கு அதுவே சான்று. உள்நுழைவுத் திரையில் பழையதைச் சரியாகத் தட்டி, கேட்கும் இடத்தில் புதியதைத் தந்தால் போதும், எதையும் இழக்க வேண்டியதில்லை. மாறாக, உள்ளூர்க் கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லை வெளியிலிருந்து வலிந்து மீட்டமைத்தால், விண்டோஸின் கோப்புக் குறியாக்கத்தால் காக்கப்பட்ட கோப்புகளையும் சேமித்து வைத்த மற்ற கடவுச்சொற்களையும் அந்தக் கணக்கு நிரந்தரமாக இழக்கக்கூடும். மேக் கணினியில், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பழைய கீச்செயின் திறக்காமல் போகும். வட்டு முழுவதும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் குறியாக்கப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு விசை இல்லாமல் அந்தக் கருவிகளால் ஒன்றும் செய்ய இயலாது. பயனர் தாமே மாற்றிக்கொள்ளும் வழியைத் திறந்து வைப்பது வசதிக்காக மட்டும் அன்று என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இத்தனை துன்பத்துக்கும் ஈடாகப் பாதுகாப்பு கிடைக்கிறது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை, இந்தத் துறையை ஆராய்ந்தவர்களே சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, 3 மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் பயன்பாட்டில் இல்லாத 10,000க்கும் மேற்பட்ட கணக்குகளின் தரவுகளை எடுத்துக்கொண்டது. ஒருவரின் முந்தைய கடவுச்சொல் தெரிந்திருந்தால், 17 விழுக்காட்டுக் கணக்குகளில் அடுத்ததை 5க்கும் குறைவான ஊகங்களில் கண்டுபிடிக்க முடிந்தது. காரணம் எளிமையானது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுகிறார்கள், ஓர் எழுத்தைப் பெரிதாக்குகிறார்கள், வியப்புக்குறியை இடம் மாற்றுகிறார்கள். திருடியவருக்கும் அந்தப் பழக்கம் தெரியும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் செய்த கணக்கீடும், காலாவதி விதியால் கிடைக்கும் நன்மை மிகச் சிறிதே என்ற முடிவுக்கே வந்தது.

விதிகளை எழுதிய இடங்களிலிருந்தே அதன் பிறகு மறுப்பு வரத் தொடங்கியது. பிரிட்டனின் அரசு இணையப் பாதுகாப்பு அமைப்பு, காலமுறைக் காலாவதி வேண்டாம் என்று 2016இலேயே விளக்கி எழுதியது. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி., 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் காரணமின்றிக் கால இடைவெளியில் மாற்றச் சொல்லக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதே நிறுவனத்துக்காக 2003இல் பழைய கடவுச்சொல் விதிகளை எழுதிய பில் பர், அன்று எழுதியவற்றுள் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் ஒரு செய்தித்தாளிடம் வெளிப்படையாகவே கூறினார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 2019இல், நிறுவனங்களுக்குத் தான் பரிந்துரைக்கும் விண்டோஸ் பாதுகாப்பு அடிப்படை அமைப்புகளிலிருந்து அதுவரை இருந்த 60 நாள் காலாவதியை நீக்கியது. என்.ஐ.எஸ்.டி. 2025இல் வெளியிட்ட நான்காம் திருத்தப் பதிப்போ பரிந்துரை என்ற நிலையைத் தாண்டி, கால இடைவெளியில் மாற்றக் கட்டாயப்படுத்தவே கூடாது என்று விதித்துவிட்டது. கடவுச்சொல் கசிந்ததற்கான சான்று கிடைத்தால் மட்டும் உடனே மாற்ற வைக்க வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. இது முழுக்க நியாயமானது. திருடுபோன கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்ற வேண்டும். 90ஆம் நாள்வரை காத்திருந்து மாற்றுவதால் யாருக்கு என்ன பயன்?

தணிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான பி.சி.ஐ. பாதுகாப்புத் தரநிலையையே பெரும்பாலும் சான்றாகக் காட்டுகிறார்கள். 2022இல் வந்த அதன் நான்காம் பதிப்பு, கடவுச்சொல் ஒன்றே அடையாளச் சான்றாக இருக்கும் இடங்களில்தான் 90 நாள் கெடுவைப் பேசுகிறது. அங்கும்கூட, கணக்கின் பாதுகாப்பு நிலையைத் தொடர்ந்து ஆராயும் மாற்று வழியை அனுமதிக்கிறது. கைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாம் சான்றைக் கட்டாயமாக்கிவிட்டால் அந்தக் கெடுவுக்கு அங்கே இடமில்லை. ஆகவே தணிக்கையாளர் கேட்டால், எந்தத் தரநிலையின் எந்தப் பிரிவு, எந்தப் பதிப்பு என்று திருப்பிக் கேளுங்கள். பல நேரங்களில் அது பழைய படிவத்தில் யாரோ விட்டுச்சென்ற ஒரு வரியாகத்தான் இருக்கும்.

என் பணியில் இருப்பவர்கள் மட்டுமே முழுமையாக உணரக்கூடிய ஓர் ஆபத்தையும் உங்கள் முன் வைக்க வேண்டும். கட்டாயக் காலாவதி ஒவ்வொன்றும் மீட்டமைப்பு அழைப்புகளைப் பெருக்குகிறது. நாள் முழுவதும் அத்தகைய அழைப்புகளையே எடுத்துக்கொண்டிருக்கும் உதவி மையத்தில், அவற்றுள் ஒன்று பொய்யானது என்று கண்டுபிடிப்பது எளிதன்று. கணக்குகளைக் கைப்பற்றும் கும்பல்கள் இதை நன்றாக அறிந்திருக்கின்றன. ஊழியர் போலப் பேசி உதவி மையத்தைக் கடவுச்சொல்லை மீட்டமைக்க வைக்கும் உத்தியைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் இணையப் பாதுகாப்பு முகமையான சிசாவும் 2025இல் விரிவாகவே எச்சரித்துள்ளன. பிறந்த தேதியையும் பணியாளர் எண்ணையும் கேட்டுவிட்டுக் கடவுச்சொல்லைத் தருவது சரிபார்ப்பே ஆகாது, அவை இரண்டும் எளிதில் கிடைப்பவை. ஆனால் அவசரக் கூட்டத்துக்கு முன் திரை பூட்டிக்கொண்டு குரல் நடுங்கப் பேசும் உண்மையான ஊழியரும், அதே நடுக்கத்தை நடித்துக் காட்டும் திருடரும் எங்கள் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கிறார்கள். தேவையற்ற அழைப்புகள் குறைந்தால்தான், வரும் ஒவ்வொன்றையும் பதிவான எண்ணுக்குத் திரும்ப அழைத்து, மேலாளரிடம் உறுதிசெய்து, நிதானமாகச் சரிபார்க்க எங்களுக்கு நேரம் கிடைக்கும். பாதுகாப்பின் பெயரால் போட்ட விதி பாதுகாப்பின் மிக மெலிந்த வாசலில் கூட்டத்தை நெரிய வைக்கிறது.

விதியை எடுத்த இடத்தில் வைக்க வேண்டியவை எவை என்பதிலும் குழப்பம் இல்லை. நீளம் முதன்மையானது: கடவுச்சொல் மட்டுமே சான்று என்றால் குறைந்தது 15 எழுத்துகள் என்று என்.ஐ.எஸ்.டி.யின் புதிய பதிப்பு கேட்கிறது. ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதிலுள்ளதை அமைக்கும்போதே மறுக்க வேண்டும். இரண்டாம் சான்று வேண்டும், முடிந்த இடங்களில் கடவுச்சொல்லே தேவைப்படாத பாஸ்கீ வேண்டும். இவற்றைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விதியை உடனே எடுக்க முடியாதவர்களிடம் சில சொற்கள். முன்னறிவிப்பை உள்நுழைவுத் திரையை மட்டும் நம்பி விடாதீர்கள். விண்டோஸ் இயல்பாகக் கெடுவுக்கு 5 நாள் முன்பிருந்துதான் நினைவூட்டுகிறது, மடிக்கணினியை மூடித் திறந்தே பழகியவர் அதைக் கவனிப்பதும் அரிது. மின்னஞ்சலிலும் கைபேசியிலும் இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். விடுப்பில் இருப்பவரின் கெடு அவர் திரும்பிய பிறகு முடியுமாறு தள்ளிவையுங்கள். வி.பி.என். இல்லாமலே எட்டக்கூடிய, இரண்டாம் சான்றால் காக்கப்பட்ட கடவுச்சொல் மாற்றும் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். அதன் முகவரி கணினிக்குள் மட்டும் இருந்தால் பூட்டப்பட்டவருக்கு அது உதவாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உள்நுழைவதற்கு முன்பே வி.பி.என். இணையும்படி அமைக்க முடியுமானால் மேலே விவரித்த சுழல் பெரும்பாலும் மறைந்துவிடும். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிக் கடவுச்சொல்லுடன் ஓர் அவசர நிர்வாகக் கணக்கை வைத்திருக்க உதவும் லேப்ஸ் வசதி, 2023 ஏப்ரலிலிருந்து விண்டோஸுடன் சேர்ந்தே வருகிறது; அதைப் பயன்படுத்துங்கள். தானியங்கி வேலைகளுக்கான கணக்குகளை மனிதர்களின் கெடுவிலிருந்து விலக்கி, அவற்றின் சான்றுகளைத் தானாகவே சுழற்றும் வேறு ஏற்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

செய்திகளின் மொழியையும் கவனியுங்கள். காலாவதியான கணக்கு, பலமுறை தவறாகத் தட்டியதால் பூட்டப்பட்ட கணக்கு, நிர்வாகியால் முடக்கப்பட்ட கணக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள், மூன்றுக்கும் தீர்வுகள் வேறு. வெளியாருக்குக் குறிப்புக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் மறைப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் சரியான பழைய கடவுச்சொல்லைத் தந்தவரிடம், அது காலாவதியாகிவிட்டது என்று சொல்வதால் எந்த இரகசியமும் வெளியாவதில்லை. அதைச் சொல்லாததால், சில அமைப்புகளில் அவர் திரும்பத் திரும்பத் தட்டி, அவருடைய கைபேசியின் மின்னஞ்சல் செயலியும் பின்னணியில் பழையதையே முயன்று, காலாவதியான கணக்கு பூட்டப்பட்ட கணக்காகவும் ஆகிவிடுகிறது. ஒரு சிக்கலோடு வந்திருக்க வேண்டியவர் இரண்டோடு வருகிறார்.

அடுத்த கொள்கைக் கூட்டத்துக்கு முன், உங்களில் ஒருவர் அலுவலகத்துக்கு வெளியே, வி.பி.என். இணைக்காத மடிக்கணினியுடன் அமர்ந்து, தம் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் காலாவதியாக்கிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். நிர்வாகி உரிமைகளைப் பயன்படுத்தாமல், உடன் பணிபுரியும் நண்பரைத் தனியாக அழைக்காமல், ஒரு சாதாரண ஊழியருக்கு இருக்கும் வழிகளை மட்டும் கொண்டு உள்ளே திரும்பி வர முயலுங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்தத் திரையில் தடுக்கப்பட்டீர்கள், எந்தச் செய்தி தவறான திசையைக் காட்டியது என்பதை எழுதிவைத்து, காலாவதி விதியை விவாதிக்கும்போது அந்தக் குறிப்பை மேசையில் வையுங்கள். உங்கள் உதவி மையத்தினரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள்.

இப்படிக்கு,
பயனர் உதவி மையப் பணியாளர் ஒருவர்